ஒரே பார்ட், நான்கு மேக்: எது உயிரோடிருக்கிறது, எதற்கு அனுமதி இருக்கிறது

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ஸ்டோர் அண்ணன் போன் செய்தார். "மேடம், ஆப்டோ மூணு ரீல் கண்ணு முன்னாடி இருக்குதுங்க. கம்ப்யூட்டர் குடுக்காதேங்குது. லைன்ல ஆளுக சும்மா நிக்கறாங்க."

கம்ப்யூட்டரை அப்படிச் சொல்ல வைத்தவள் நான்தான். கோவையில் மோட்டார் பம்புகளுக்கு கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் காம்பொனென்ட் இன்ஜினியராக இருக்கிறேன். போர்டில் ஏறும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் எந்த மேக் (அதாவது எந்தத் தயாரிப்பாளர்) சரி, எது வேண்டாம் என்று பி.எல்.எம் மென்பொருளில் (பார்ட், டிராயிங் விவரங்களை வைக்கும் இடம்) பதிந்து வைப்பது என் வேலை. அதற்கு முந்தின வாரம் ஒரு மூன்று ஃபேஸ் போர்டை 60 டிகிரி சூட்டறையில் வைத்துச் சோதித்தோம். ஒரு மேக்கின் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியாக மாற்றிக் கடத்தும் சிறு பார்ட், சுருக்கமாக ஆப்டோ) போட்ட போர்டுகள் மட்டும் தடுமாறின. அந்த போர்டுக்கு அந்த மேக் வேண்டாம் என்று முடிவானது. நான் மேக் பார்ட்டை, அதாவது அந்தத் தயாரிப்பாளரின் பார்ட்டுக்கான பதிவைத் திறந்து, நிலை என்ற கட்டத்தில் "ஆப்சலீட்" (வழக்கொழிந்தது) என்று மாற்றி, சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அதே ஆப்டோ இன்னும் பதினொரு போர்டுகளில் ஒரு வம்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதை நான் தேடிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதரைக்குள் நிலையைத் திருப்பி மாற்றிவிட்டேன். ஆனால் எங்கள் பி.எல்.எம்மிலிருந்து, ஸ்டோரும் பர்ச்சேஸும் பயன்படுத்தும் ஈ.ஆர்.பி மென்பொருளுக்குத் தகவல் போவது இரவு இரண்டு மணிக்கு. ஐ.டி ஆளைப் பிடித்து அதைக் கையால் ஓட்டவைத்து, லைன் கிளம்பியபோது மணி பதினொன்றே முக்கால். இந்த வேலை புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால், அந்த இரண்டரை மணி நேரம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை இங்கே படித்துக்கொள்ளுங்கள்.

நிலை ஒன்றல்ல, மூன்று

எல்எம்358 என்ற ஆப்-ஆம்ப்பை (சிக்னலைப் பெருக்கும் சிப்) எடுத்துக்கொள்வோம். எங்களிடம் அதற்குக் கம்பெனி பார்ட் நம்பர் ஒன்றே ஒன்றுதான். அதன் கீழே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்358டிஆர், எஸ்டி மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸின் எல்எம்358டிடி, ஆன்செமியின் எல்எம்358டிஆர்2ஜி என்று மூன்று மேக் பார்ட்டுகள். எட்டுக் கால், அதே கால் வரிசை, மூன்றும் ரீலில் வரும். டிராயிங்கிலும், போர்டின் பார்ட் பட்டியலான பாமிலும் கம்பெனி நம்பர் மட்டும் இருக்கும். (பி.ஓ.எம் என்று எங்கள் பக்கம் யாரும் எழுத்தெழுத்தாகச் சொல்வதில்லை. "பாம் அனுப்பிட்டேன், கிடைச்சுதா?" என்று பஸ்ஸில் போனில் கேட்டு, முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்த அனுபவம் எனக்கு உண்டு.)

இந்த அமைப்பில் நிலை மூன்று இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. முதலாவது, மேக் பார்ட்டின் ஆயுள்: உற்பத்தியில் இருக்கிறது, புது டிசைனுக்கு வேண்டாம் என்கிறார்கள், கடைசி ஆர்டர் தேதி அறிவித்துவிட்டார்கள், நின்றுவிட்டது. இதைத் தீர்மானிப்பவர் தயாரிப்பாளர். நாம் பார்த்து எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். இரண்டாவது, நம் நம்பருக்கும் அந்த மேக்குக்கும் நடுவிலுள்ள உறவு: சோதனையில், அனுமதி உண்டு, முதல் தேர்வு, பயன்படுத்தாதே. இது முழுக்க நம் கையில். மூன்றாவது நம் கம்பெனி நம்பரின் நிலை: வேலை நடக்கிறது, ரிலீஸ் ஆகிவிட்டது, புது டிசைனில் போடாதே, விலக்கிவிட்டோம்.

என் தப்பு இரண்டாவது இடத்தில் எழுத வேண்டியதை முதல் இடத்தில் எழுதியது. தயாரிப்பாளர் லட்சக்கணக்கில் செய்துகொண்டிருக்கும் ஒரு பார்ட்டை நான் செத்துப்போனதாக அறிவித்துவிட்டேன். மென்பொருள் அதை நம்பி, எல்லா போர்டிலும் அதற்குக் காரியம் செய்துவிட்டது.

உங்கள் மென்பொருளில் இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே தேடுங்கள். ஆரக்கிளின் அஜைலில் மேக் பார்ட்டுக்கென்று ஆயுள் நிலை தனியாக உண்டு. கம்பெனி பார்ட்டைத் திறந்தால் மேக்குகளைப் பட்டியலிடும் பக்கத்தில், ஒவ்வொரு வரிக்கும் முன்னுரிமை தனியாக உண்டு. விண்ட்சில்லில் உறவின் நிலை சோர்சிங் ஸ்டேட்டஸ் என்ற பெயரில் வரும். பெயர் எதுவானாலும், மேக் பார்ட்டைத் திறந்து மாற்றினால் அது ஊருக்கெல்லாம் மாறும். கம்பெனி பார்ட்டின் மேக் பட்டியலில் வரியை மாற்றினால் அந்த ஒரு நம்பருக்கு மட்டும் மாறும். எதையாவது மாற்றுவதற்கு முன்னால், இது எங்கெங்கே பயன்படுகிறது என்ற தேடலை ஒரு முறை ஓட்டிவிடுங்கள். முப்பது விநாடி வேலை.

மென்பொருளில் ஒரே ஒரு நிலைக் கட்டம்தான் இருக்கிறது, அல்லது எக்செல்லில்தான் எல்லாம் நடக்கிறது என்றால் கவலையில்லை. ஆயுள், அனுமதி என்று இரண்டு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டையும் திணிக்க மட்டும் விடாதீர்கள்.

நிலைக்குப் பெயர் வைக்கும் முன்

நிலைகளுக்குப் பெயர் வைக்க மீட்டிங் போட்டால் ஒரு நாள் ஓடிவிடும். அதற்குப் பதில் நான்கு பேரை நினைத்துக்கொள்ளுங்கள்: டிசைன் செய்பவர், பர்ச்சேஸ், ஸ்டோர், சர்வீஸ். ஒவ்வொரு நிலையிலும் இவர்களில் யார் என்ன செய்யலாம் என்று எழுதினால் போதும், பெயர் தானாக வந்துவிடும்.

அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது இந்த விஷயம்தான். "வாங்காதே" என்பது வேறு, "கொடுக்காதே" என்பது வேறு. தயாரிப்பாளர் நிறுத்திவிட்ட பார்ட் என்றால் டிசைனர் புதிதாகப் போடக்கூடாது, பர்ச்சேஸ் வாங்க முடியாது; ஆனால் ஸ்டோரில் இருக்கும் நல்ல ரீலைக் கடைசிப் பீஸ் வரை லைனுக்குக் கொடுக்கலாம், சர்வீஸ் ஆட்கள் பழைய போர்டில் மாற்றலாம். தரம் சரியில்லை என்று நாமே ஒதுக்கிய பார்ட் என்றால் நிலைமை தலைகீழ்: சந்தையில் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஸ்டோரிலிருந்து ஒரு பீஸ்கூட வெளியே வரக்கூடாது. எங்கள் ஈ.ஆர்.பியில் இந்த இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போட்டிருந்தார்கள். ஆப்சலீட் என்று வந்தால் வாங்குவதும் நின்றது, கொடுப்பதும் நின்றது.

இப்போது நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. என்ஆர்என்டி (புது டிசைனுக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளர் சொல்வது) வந்தால் டிசைனருக்கு மட்டும் எச்சரிக்கை, வாங்கலாம், கொடுக்கலாம். கடைசி ஆர்டர் நிலையில் வாங்க பர்ச்சேஸ் மேனேஜரின் ஒப்புதல் வேண்டும். நின்றுவிட்டது என்றால் வாங்குவது பூட்டு, கொடுப்பது திறந்திருக்கும். "பயன்படுத்தாதே" என்றால் இரண்டும் பூட்டு, அதோடு ரீல் சிவப்பு ட்ரேக்குப் போகும். "சோதனையில்" இருக்கும் மேக்கை வாங்கலாம், ஆனால் அது சாம்பிள் ஸ்டோருக்கு மட்டும்தான் வரும். இதை ஒரு பக்கத்தில் அச்சடித்து ஸ்டோர் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம்.

புது மேக் பார்ட்டைப் பதியும்போது

ஆர்டர் போடும் முழு நம்பரைத்தான் பதிய வேண்டும். "எல்எம்358" என்று மட்டும் எழுதினால் அது ஒரு குடும்பப் பெயர். ரீலா, டியூபா, எந்தப் பேக்கேஜ் என்று ஒன்றும் தெரியாது. பதியும் முன் கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் எடுத்துவிட்டும் ஒரு முறை தேடிப் பாருங்கள். ஒரே பார்ட் இரண்டு தடவை பதிந்திருந்தால், ஒன்றுக்கு நிலை மாற்றும்போது இன்னொன்று உயிரோடு நிற்கும். எங்கள் பட்டியலில் 1என்4148 டையோடு ஒரே மேக்கில் மூன்று அவதாரம் எடுத்திருந்தது.

கம்பெனிகள் கைமாறுவது அடுத்த தலைவலி. நேஷனல் செமிகண்டக்டரை 2011-ல் டெக்சாஸ் வாங்கியது. ஃபேர்சைல்டை 2016-ல் ஆன் செமிகண்டக்டர் (இன்றைய ஆன்செமி) வாங்கியது. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது: ஆன் செமியின் மென்பொருளில் பார்ட் நம்பருக்குள் அடிக்கோடு வைக்க வழியில்லையாம். அதனால் ஃபேர்சைல்ட் நம்பர்களில் அடிக்கோடு வந்த இடமெல்லாம் சிறு கோடாக மாற்றப்போகிறோம் என்று டேட்டாஷீட்டின் (பார்ட்டின் விவரக் குறிப்பு) முதல் பக்கத்திலேயே அச்சடித்தார்கள். உள்ளே இருக்கும் சிலிக்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெயரில் ஒரு கோடு மட்டும் இடம் மாறியது. இப்படி வரும்போது பழைய நம்பரை ஆப்சலீட் என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். "பெயர் மாறியது" என்று ஒரு நிலை வைத்து, புது நம்பரைப் பதிந்து, இரண்டையும் இணைத்து, தயாரிப்பாளரின் கடிதத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். மறு சோதனை தேவையில்லை என்பதற்கு அந்தக் கடிதம்தான் சாட்சி. தயாரிப்பாளரின் பெயர்ப் பட்டியலிலும் பழைய பெயர்களை மாற்றுப்பெயராக வையுங்கள். இல்லாவிட்டால் சரக்கு வந்து இறங்கும் இன்வர்டில் பழைய லோகோவோடு ரீல் வரும்போது "இது வேற மேக்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சமம் என்றால் எதற்குச் சமம்?

சோதனையிலிருந்து அனுமதிக்கு நகர்த்துவதுதான் இந்த வேலையிலேயே யோசிக்க வேண்டிய இடம். மற்றதெல்லாம் பதிவு.

சில பார்ட்டுகளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 100 நானோஃபாரட், 50 வோல்ட், எக்ஸ்7ஆர், 0603 கெபாசிட்டர் என்றால் முராட்டா, டிடிகே, சாம்சங், யாகியோ என்று நான்கின் டேட்டாஷீட்டையும் ஒரு நாளில் ஒப்பிட்டு முடித்துவிடலாம். ஆனால் அதே கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், எக்ஸ்5ஆர், 0805 என்று ஆகும்போது கதை வேறு. 12 வோல்ட் கொடுத்தவுடன் அதன் கொள்ளளவு பெரிய அளவில் சரிந்துவிடும், எவ்வளவு சரியும் என்பது மேக்குக்கு மேக் வேறு. மேலே எழுதியிருக்கும் எண்கள் நான்கிலும் ஒன்றுதான். முராட்டா தன் சிம்சர்ஃபிங் தளத்தில் அந்த வளைகோட்டைக் கொடுக்கிறது. மற்றவர்களிடமும் கேட்டு வாங்கி, நம் வோல்டேஜில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

சமம் என்பது பல நேரம் ஒருவழிப் பாதை. டெக்சாஸின் எல்எம்358பி-யின் ஆஃப்செட் (இன்புட்டில் வரும் சிறு வோல்டேஜ் பிழை) அதிகபட்சம் 3 மில்லிவோல்ட். பழைய எல்எம்358-க்கு 7. பழையது இருந்த இடத்தில் பி போடலாம். 3-ஐ நம்பிச் செய்த டிசைனில் பழையதைப் போட முடியாது. மென்பொருளோ இரண்டையும் ஒரே நம்பருக்குக் கீழே அடுத்தடுத்த வரியாகக் காட்டும்; அதற்குத் திசை தெரியாது. அதனால் என் வழக்கம்: திசை வந்துவிட்டால் கம்பெனி நம்பரை இரண்டாகப் பிரித்துவிடுவேன்.

எங்கள் ஆப்டோ விவகாரத்தின் வேரும் இங்கேதான் இருந்தது. 817 வகை ஆப்டோக்களை ஷார்ப், லைட்-ஆன், எவர்லைட் என்று பலர் செய்கிறார்கள். உள்ளே எல்.ஈ.டிக்குப் போகும் மின்னோட்டத்தில் எத்தனை சதவீதம் மறுபக்கம் டிரான்சிஸ்டரில் கிடைக்கிறது என்பதற்கு சி.டி.ஆர் என்று பெயர். அதை வைத்து ரகம் பிரிப்பார்கள்: ஏ என்றால் 80 முதல் 160, பி 130 முதல் 260, சி 200 முதல் 400, டி 300 முதல் 600. நம்பரின் கடைசியில் எழுத்தே இல்லாவிட்டால் 50 முதல் 600 வரை எது வேண்டுமானாலும் வரும். எங்கள் பட்டியலில் இரண்டு மேக்குகளை சி என்ற எழுத்தோடு பதிந்திருந்தோம். மூன்றாவதை, பல வருடத்துக்கு முன் யாரோ எழுத்தில்லாமல் பதிந்திருந்தார்கள். (யாரோ என்ன யாரோ, பதிவில் என் பெயர்தான் இருந்தது.) மற்ற பதினொரு போர்டுகளிலும் ஆப்டோவுக்கு வெறும் ஆன், ஆஃப் வேலை, 50 சதவீதமே போதும். மூன்று ஃபேஸ் போர்டுக்கு 200 வேண்டும், அதுவும் சூட்டில் சி.டி.ஆர் இன்னும் இறங்கும். அந்த மேக் மேல் ஒரு குற்றமும் இல்லை. நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள்.

சி ரகத்துக்குத் தனிக் கம்பெனி நம்பர் போட்டோம். அதன் கீழே மூன்று மேக்கும், மூன்றும் எழுத்தோடு. பழைய நம்பர் பதினொரு போர்டுகளுக்கு அப்படியே இருக்கிறது. நான் சாகடித்த மேக்கின் சி ரக ரீலை வாங்கி, அதே 60 டிகிரியில் ஓட்டினோம், அனுமதி கொடுத்தாயிற்று.

மேக் அனுமதிக்கு யார் கையெழுத்து என்பதில் நான் கறார். டேட்டாஷீட்டை ஒப்பிட்டால் "சோதனையில்" வரைதான். லைனில் குறைந்தது ஒரு லாட் ஏறி இறங்கினால்தான் "அனுமதி". 2018-ல் கெபாசிட்டர் பஞ்சம் வந்தபோது எங்கள் பட்டியலில் நான்கு மேக் இருந்தது, பெருமையாக. அதில் இரண்டை யாரும் ஒரு தடவைகூட வாங்கியதில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தால்

பார்ட்டில் மாற்றம் என்றால் மாற்ற அறிவிப்பு (பி.சி.என்), பார்ட்டையே நிறுத்துகிறார்கள் என்றால் நிறுத்த அறிவிப்பு. முதலாவதுக்கு ஜே-எஸ்டிடி-046, இரண்டாவதுக்கு ஜே-எஸ்டிடி-048 என்று தொழில்துறை விதிமுறைகள் உண்டு. மாற்ற அறிவிப்பை 30 நாளுக்குள் பெற்றுக்கொண்டேன் என்று நீங்கள் சொல்லாவிட்டால் சம்மதித்ததாகக் கணக்கு. பெற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு 90 நாளுக்குள் ஆட்சேபிக்காவிட்டாலும் அப்படியே. மௌனம் சம்மதம் என்பதை இவ்வளவு சட்டமாக எழுதி வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நிறுத்த அறிவிப்பு என்றால், அறிவித்த நாளிலிருந்து கடைசி ஆர்டருக்குக் குறைந்தது 6 மாதம், கடைசி டெலிவரிக்கு 12 மாதம் தர வேண்டும்.

இந்தக் கடிதங்கள் பெரும்பாலும் பர்ச்சேஸில் யாராவது ஒருவர் மெயிலுக்கு வரும். அவர் வேலையை விட்டுப் போனால் கடிதமும் போச்சு. இதற்கென்று பொதுவான மெயில் முகவரி ஒன்று வைத்து, எல்லா டிஸ்ட்ரிபியூட்டரிடமும் கொடுத்துவிடுங்கள்.

கடிதம் வந்த அன்றே மேக் பார்ட்டின் ஆயுளை மாற்றுங்கள். தேதிகளைக் குறிப்புப் பெட்டியில் கட்டுரையாக எழுதாமல், கடைசி ஆர்டர், கடைசி டெலிவரி என்று தனித்தனித் தேதிக் கட்டங்களில் போடுங்கள். அப்போதுதான் அறுபது நாளுக்கு முன்னால் மென்பொருள் உங்களை எழுப்பும். பிறகு அது போகும் ஒவ்வொரு கம்பெனி நம்பருக்கும், அனுமதியோடும் உயிரோடும் இன்னும் எத்தனை மேக் மிச்சம் என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் முன்னுரிமையை மாற்றிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஒன்று என்றால் அன்றே மாற்று தேடும் வேலை தொடங்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் கம்பெனி நம்பரையே "புது டிசைனில் போடாதே" என்று இறக்கி, கடைசிக் கொள்முதல் கணக்கைப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. எங்கள் டிரைவர் ஐ.சி ஒன்றுக்குப் போட்டது: மாதம் 1,200, போர்டை மாற்றி வரைந்து முடிக்க 18 மாதம், ஆக 21,600. சர்வீஸுக்கு மாதம் 40 வீதம் 5 வருடம், 2,400. மொத்தம் 24,000. கையில் 5,500. வாங்க வேண்டியது 18,500. ரீலுக்கு 2,500 என்பதால் எட்டு ரீல். டிசைன் குழு 12 மாதத்தில் முடித்துவிடுவோம் என்றது. நான் 18 என்று போட்டேன். அவர்கள் முடிக்க 17 ஆனது.

நின்றுபோன மேக் பார்ட்டை நீக்க வேண்டாம். பட்டியல் அசிங்கமாக இருக்கிறது என்று எங்கள் பழைய மேனேஜர் ஒருவர் ஒரு முறை துடைத்துவிட்டார். ஒன்பது வருடப் பழைய போர்டு ஒன்று பல்லடத்திலிருந்து ரிப்பேருக்கு வந்தபோது, மேலே சாலிடர் ஆகியிருந்தது எந்த மேக் என்று யாருக்கும் தெரியவில்லை. லென்ஸ் வைத்து எழுத்தைப் படித்துக் கண்டுபிடித்தோம்.

மாதம் ஒரு முறை

கடைசி வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அனுமதியோடு இருக்கும் மேக் பார்ட்டுகளை இறக்கி, டிஸ்ட்ரிபியூட்டர் தளங்களின் நிலையோடு ஒப்பிடுகிறேன். எங்கள் அளவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வித்தியாசம் தெரிந்தவுடன் மாற்றிவிட மாட்டேன். ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் அந்தப் பார்ட்டைத் தன் கடையில் வைப்பதை நிறுத்தினாலும், சில நேரம் பார்ட்டே நின்றதுபோலக் காட்டும். தயாரிப்பாளரின் சொந்தப் பக்கத்தில் பார்த்து, அங்கேயும் அப்படியே இருந்தால் அந்தப் பக்கத்தைப் பி.டி.எஃபாகச் சேமித்து மேக் பார்ட்டோடு இணைத்த பிறகுதான் நிலையில் கை வைப்பேன்.

அன்றைக்கு ஒரு விதி எனக்கு நானே வைத்திருக்கிறேன்: வெள்ளிக்கிழமை பார்க்க மட்டும்தான், மாற்றுவது திங்கள் காலை. ஸ்டோர் அண்ணன் இப்போதும் திங்கள் எட்டரைக்கு போன் செய்கிறார். "மேடம், இன்னிக்கு எதைக் கொல்றீங்க? சொன்னா ரீலை முன்னாடியே எடுத்து வெச்சுக்கறேனுங்க."